எந்திரிக்காதிய சார்

எங்கள் பிரிவுக்கு வருகிறவர்கள் முதலில் செய்கிற தவறு, உட்காருவது. ஒரே ஒரு முறை தவிர, உட்கார்ந்த பிறகு காரியம் முடியாமல் யாரும் எழுந்து போனதாக எனக்கு நினைவில்லை. அவர்கள் பாதி எழும்போதே எங்கள் மேடம் இரண்டு கையையும் லேசாக முன்னால் நீட்டி, முகம் நிறையச் சிரிப்போடு, "எந்திரிக்காதிய சார், இருங்க" என்பார். கேட்பவருக்கு அது மரியாதை மாதிரி இருக்கும். மரியாதைதான். ஆனால் அதற்குள் ஒரு தாழ்ப்பாளும் இருந்தது.

தென்காசியில் நான் வேலை பார்த்த மாநில அரசு அலுவலகத்தில் ஒருங்கிணைப்புப் பிரிவு என்று ஒன்று இருந்தது. மத்திய அரசு அலுவலகங்களிடம் மாநில அரசுக்கு ஏதாவது ஆகவேண்டியிருந்தால் அந்தக் காகிதம் எங்களிடம் வரும். பிரிவு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, இரண்டு அலமாரி, ஒரு மின்விசிறி, நான், அந்த மேடம். அவர் துணை வட்டாட்சியர், நான் உதவியாளர். பணி ஓய்வுக்குச் சில வருடங்களே இருந்த வயது அவருக்கு. பருத்திச் சேலை, நெற்றியில் சின்னதாகத் திருநீறு, காலில் ரப்பர் செருப்பு. பெரிய அதிகாரிகள் வருகிற நாளில்கூட அந்தச் செருப்புதான். "அருவிக்கரையில வழுக்காது தம்பி" என்பார்.

அருவிக்கரைக்கும் ஒருங்கிணைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். எல்லாச் சம்பந்தமும் உண்டு. வெயில் காலத்தில் ஒரு மத்தியக் குழுவும் எங்கள் மாவட்டத்தை எட்டிப் பார்க்காது. மேற்கே மலையில் மேகம் இறங்கி, குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் காட்டியதும் டெல்லிக்கும் ஹைதராபாத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் எங்கள் மாவட்டத்தின் வளர்ச்சி மீது திடீரென்று அக்கறை வந்துவிடும். கழிப்பறைத் திட்டத்தை ஆய்வு செய்ய ஒரு குழு. ஆதார் மையத்தைப் பார்வையிட ஒரு குழு. உவர்நிலமே இல்லாத ஊரில் உவர்நில மேம்பாட்டை மதிப்பிட ஒரு குழு. எல்லாருடைய பயணத் திட்டத்திலும் "காலை ஆறு மணி: கள ஆய்வு" என்று இருக்கும். களம், பேரருவி.

மேடம் அவர்களை முகம் சுளிக்காமல் வரவேற்பார். தலைக்குத் தேய்க்க எண்ணெய், துவட்டத் துண்டு, வரும்போது மங்குஸ்தான், போகும்போது ரம்புத்தான். வெளியே இருந்து பார்த்தால் அரசு செலவில் ஒரு விருந்தினர் சேவை. அந்தத் துண்டைக் கொடுக்கும்போதுதான் அவர் ஃபைலையும் கொடுப்பார். ஈரத் தலையோடு நிற்கிற மனிதனுக்குப் பொதுவாக மறுக்கத் தோன்றாது என்பது அவர் கண்டுபிடிப்பு.

கடிதங்களில் அவருக்கு நம்பிக்கை இல்லாமல் போனதற்குக் காரணம் இருந்தது. நாங்கள் எழுதுகிற கடிதம் முதலில் சென்னைக்குப் போகும். சென்னை அதைப் படித்து, தன் மொழியில் மாற்றி எழுதி, டெல்லிக்கு அனுப்பும். டெல்லி அதை அந்தத் துறையின் தலைமையகத்துக்கு அனுப்பும். தலைமையகம் மண்டல அலுவலகத்துக்கு. மண்டலம் கடைசியில் தென்காசியிலேயே இருக்கிற கிளைக்கு அனுப்பி, "இது பற்றி உம் அறிக்கை என்ன?" என்று கேட்கும். கிளை அலுவலகம் எங்கள் அலுவலகத்துக்குப் பின்தெருவில் இருக்கும். அங்கிருந்து அதன் பொறுப்பாளர் நடந்தே எங்களிடம் வந்து, "மேடம், இதுக்கு நான் என்ன எழுதட்டும்?" என்று கேட்பார். மேடம் அவரை உட்காரச் சொல்லி, அவருடைய பதிலையும் தானே சொல்லி எழுத வைப்பார். பிறகு அந்தப் பதில் மறுபடி மண்டலம், தலைமையகம், டெல்லி, சென்னை என்று ஊர் சுற்றி எங்களுக்கு வரும். நாங்கள் அதை ஆவலோடு பிரித்துப் படிப்போம்.

ஒருமுறை, மத்திய அலுவலகம் ஒன்று தோண்டி விட்டுப் போன குழியை மாநில அலுவலகம் ஒன்று மூட வேண்டியிருந்தது. தோண்டியவர் மூடட்டும் என்று இவர்கள். சாலை உங்களுடையது என்று அவர்கள். குழிக்குள் ஒரு பசுமாடு விழுந்து, தூக்கப்பட்டு, கன்றும் ஈன்றுவிட்டது. கடிதம் இன்னும் டெல்லியைத் தாண்டவில்லை. இரண்டு அதிகாரிகளும் தினமும் மதியம் ஒரே மெஸ்ஸில் வேறு வேறு மேசையில் சாப்பிடுகிறவர்கள் என்பது மேடத்துக்குத் தெரியும். ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போய், முதல் ஆளின் எதிரில் உட்கார்ந்தார். இரண்டாமவர் உள்ளே வந்ததும், "வாங்க சார், இங்கன இடம் இருக்கு" என்றார். அவர் வேறு வழியில்லாமல் வந்து உட்கார்ந்தார். மேடம் பரிமாறுகிறவரிடம், "அண்ணாச்சி, ரெண்டு சாருக்கும் சொதி நல்லா ஊத்துங்க. நான் சொல்லுத வரைக்கும் கை கழுவ விடாதிய" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மோர் வருவதற்குள் குழி பாதிப் பாதியாகப் பிரிந்தது. மாலையில் மூடியாயிற்று.

விருந்தினர் மாளிகைக் கதை இன்னும் நன்றாக இருக்கும். சீசன் உச்சத்தில், குளிர்சாதன வசதியுள்ள ஒரே அறையை டெல்லிக் குழுவின் தலைவருக்கும் ஒதுக்கி, சென்னையில் ஒரு பெரிய அதிகாரியின் மைத்துனர் குடும்பத்துக்கும் ஒதுக்கி இரண்டு உத்தரவு வந்துவிட்டது. இரு தரப்பும் பெட்டியோடு வராந்தாவில் நின்றார்கள். காவலாளி சாவியை மடியில் கட்டிக்கொண்டு கழிப்பறைக்குள் ஒளிந்துவிட்டார். மேடம் போனார், நாற்காலி போட்டார், இஞ்சி டீ வரவழைத்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் மைத்துனர் குடும்பம் காலையில் குளிக்கப் போகும்போது டெல்லிக்காரர் அறையில் தூங்குவதென்றும், டெல்லிக்காரர் மாலையில் ஆய்வுக்குப் போகும்போது அவர்கள் தூங்குவதென்றும் ஒப்பந்தமானது. அரசியலமைப்பில் பொதுப்பட்டியல் என்று ஒன்று உண்டு என்று பரீட்சைக்குப் படித்திருக்கிறேன். அதை நேரில் பார்த்தது அந்த அறையில்தான்.

இதெல்லாம் இப்போது சொல்லச் சிரிப்பாக இருக்கிறது. அவரோடு வேலை பார்ப்பது எல்லா நாளும் சிரிப்பாக இருக்கவில்லை. அவர் கையில் அகப்பட்டவர்களில் நானும் ஒருவன். மாலையில் பையை எடுத்தால், "தம்பி, ஒரு நிமிசம் இருங்க" என்பார். அந்த நிமிடத்தில் கடைசி அச்சன்புதூர் பஸ் போய்விடும். ஒரு மத்திய அலுவலகக் கணக்கர் அவர் அறைக்குப் பயந்து எங்கள் வாசலைத் தவிர்த்துச் சுற்றுச்சுவர் ஏறிக் குதித்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த அன்பில் ஒரு அடம் இருந்தது. அது சில சமயம் ஆளைத் திணறடித்தது.

அந்த அடத்துக்கு ஒரு சோதனை வந்தது. கீழப்பாவூர் போகிற வழியில் உள்ள ஒரு சிற்றூரில்.

அந்த ஊருக்குச் சிற்றாற்றிலிருந்து பிரிகிற ஒரு வாய்க்காலில்தான் தண்ணீர் வரும். வாய்க்காலின் குறுக்கே மத்திய அரசின் ஆய்வு நிலையம் ஒன்று இருந்தது. பெயர் வேண்டாம். என்ன ஆய்வு என்பது ஊரில் யாருக்கும் தெரியாது. ஒரு சின்னக் கட்டடம், உயரமாக ஒரு கம்பம், ஒரு காவலாளி, ஒரு பொறுப்பாளர். பல காலம் வேலியாக இருந்ததை எடுத்துவிட்டு அவர்கள் மதில் கட்டினார்கள். வாய்க்கால் வெளியேறக் கிழக்கு மதிலில் ஒரு வாய் விட்டு, அது உள்ளே நுழைகிற மேற்கு மதிலுக்கு அடியில் ஒரு குழாய் பதித்தார்கள். தண்ணீர்க் குழாய் என்று சொல்ல முடியாது. சமையலறைக் கழிவுநீர் போகிற அளவு. முதல் சாரலிலேயே மட்டையும் சாக்கும் வந்து அடைத்துக்கொண்டது.

மதிலுக்கு மேற்கே தண்ணீர் தேங்கி வயலை மூழ்கடித்தது. கிழக்கே வாய்க்கால் வெடித்துக் கிடந்தது. கார் சாகுபடிக்கு நாற்றுப் பாவிய நேரம். மேலப்பக்கம் நாற்று அழுகியது. கீழப்பக்கம் நாற்று நடவுக்குத் தண்ணீர் இல்லாமல் முற்றிக்கொண்டிருந்தது. மேலப்பக்கத்துக்காரர் தண்ணீரை வடிக்கக் கரையை வெட்டப் போனால், அது தன் பக்கம் வந்துவிடும் என்று அடுத்த தெருக்காரர் அரிவாளோடு வந்தார். ஒரே ஊருக்குள் அடிதடி வந்துவிடும் போலிருந்தது.

மனு எங்களிடம் வந்தது. மேடம் பாசனப் பொறியாளரைக் கூப்பிட்டார். அவர் மாநில அரசு. நல்லவர், ஆனால் எந்த விஷயத்திலும் தன் எல்லை எங்கே முடிகிறது என்பதை முதலில் பார்த்துவிடுகிறவர். "வாய்க்கால் எங்களோடதுதான் மேடம். ஆனா மதிலுக்கு உள்ள நான் கால் வைக்க முடியாது. அது மத்திய அரசு இடம்" என்றார்.

நிலையப் பொறுப்பாளரைக் கேட்டோம். அவர் இளைஞர், வேலைக்குப் புதிது. "இடம் எங்களோடது மேடம். ஆனா தண்ணி மாநிலப் பட்டியல்ல இருக்கு. நான் எப்படித் தொடுறது?" என்றார்.

மேடம் இருவரையும் அறையில் உட்கார வைத்தார். டீ, வடை, மறுபடி டீ. இருட்டுகிற வரைக்கும் இருந்தார்கள். முதல்முறையாக அவருடைய நாற்காலி தோற்றது. இரண்டு பேரும் மிகப் பணிவாக, மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொல்லி எழுந்து போனார்கள். மேடம் கையை நீட்டவில்லை.

கடிதங்கள் கிளம்பின. சென்னை, டெல்லி, தலைமையகம், அந்த நிலையத்தின் மண்டல அலுவலகம் இருக்கிற திருவனந்தபுரம். நாற்று டெல்லிக்குக் காத்திருக்குமா?

அந்த வாரம் நாங்கள் ஊருக்குப் போனோம். கீழப்பக்க வயல் வரப்பில் ஒரு அம்மா நாற்றைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தாள் தடித்து, நுனி மஞ்சளடித்திருந்தது. மேடத்தைப் பார்த்ததும் அவள் கும்பிடவில்லை.

"யம்மா, நீங்களும் வாரிய, போறிய. வாரப்பல்லாம் சாப்பிட்டியளான்னு கேக்கிய. என்னத்தச் சாப்பிட?" என்று நாற்றை நீட்டினாள். "இன்னும் ஒரு வாரம் போனா இத மாட்டுக்குத்தான் போடணும். மேலப்பக்கம் முங்கிச் சாவுது, கீழப்பக்கம் காஞ்சு சாவுது. நடுவுல ஒரு கம்பம் சொகமா நிக்கி. ஒங்க மரியாதையில தண்ணி வருமா, சொல்லுங்க."

மேடம் அந்த நாற்றை வாங்கி, ஈரம் இல்லாத வேரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அலுவலக வாசலில் ஜீப்பிலிருந்து இறங்கியதும் கேட்டார்: "திருவனந்தபுரத்து மண்டல அதிகாரி இந்த வருசம் ஆய்வுக்கு வரலையா தம்பி?"

"வாராரு மேடம். சனிக்கிழமை. குடும்பத்தோட."

"நல்லது" என்றார்.

சனிக்கிழமை காலை அவர்கள் ஐந்தருவியில் குளித்தார்கள். மண்டல அதிகாரி கண்ணாடி போட்ட, மென்மையாகப் பேசுகிற மலையாளி. அவர் மனைவி கல்லூரிப் பேராசிரியை. எதைப் பார்த்தாலும் கேள்வி கேட்கிறவர். மேடம் பெண்கள் பக்கம் அந்த அம்மாவுக்குத் துணையாக நின்றார். குளித்து வந்து தலையைத் துவட்டிக்கொண்டே அந்த அம்மா, "எந்தொரு வெள்ளம்! இது எல்லாம் எங்கே போகுது மேடம்?" என்று கேட்டார்.

நான் பக்கத்தில்தான் பழக்கூடையோடு நின்றேன். மேடத்தின் முகத்தில் அப்போது வந்த மலர்ச்சியை எழுத எனக்குத் திறமை போதாது.

"பாக்கணுமாம்மா? கார்ல போனா கூடவே போகலாம். வழியில சாப்பாடும் சொல்லியிருக்கேன்."

அதிகாரி விடுதிக்குப் போய்த் தூங்கலாம் என்றார். அம்மா பார்த்தே ஆகவேண்டும் என்றார். எந்த அரசிலும் இல்லாத தெளிவான அதிகார வரிசை அந்தக் காரில் இருந்தது. ஆகவே கிளம்பினோம். ஆறு எங்கெல்லாம் தெரிந்ததோ அங்கெல்லாம் மேடம் நிறுத்தச் சொன்னார். தென்காசிப் பாலத்தில் ஒருமுறை. அணைக்கட்டில் ஒருமுறை. வாய்க்கால் பிரிகிற இடத்தில் ஒருமுறை. அந்த அம்மா ஒவ்வொரு இடத்திலும் இறங்கிப் படம் எடுத்தார். அதிகாரி காரிலேயே கண்ணை மூடியிருந்தார்.

கடைசியாக நின்ற இடத்தில் அவர் கண்ணைத் திறந்தபோது எதிரே மதில் இருந்தது. ஒரு பக்கம் ஏரி மாதிரி தண்ணீர். அதில் நாற்று மிதந்தது. மறுபக்கம் வெடித்த மண். அந்த அம்மா இரண்டு பக்கமும் நடந்து பார்த்துவிட்டு வந்தார்.

"இது ஆருடெ மதிலா?" என்று கணவனைக் கேட்டார்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்முடெ" என்றார்.

வேப்பமரத்தடியில் நாற்காலிகள் போட்டிருந்தன. பாசனப் பொறியாளர் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். மத்திய அதிகாரியோடு மதிய விருந்து என்றுதான் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. இளம் பொறுப்பாளரும் இருந்தார். கொஞ்சம் தள்ளி, வாய்க்கால் கரையில் ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. மேடம் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். அந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருந்தது.

மண்டல அதிகாரி நிலைமையைப் புரிந்துகொண்டு எழப் பார்த்தார்.

"எந்திரிக்காதிய சார். இலை போட்டாச்சு" என்றார் மேடம்.

கூட்டாஞ்சோறு, வடகம், அப்பளம். பரிமாறியவள் நாற்றை நீட்டிய அந்த அம்மாதான். மேடம் சாப்பிடவில்லை, நின்றுகொண்டே பேசினார்.

"மதில ஒடைக்கச் சொல்லல சார். அது ஒங்க மதிலு."

"எனிக்கு மனசிலாகும் மேடம். பக்ஷே, ஹெட் ஆபீஸ் அனுமதி இல்லாம ஒந்நும் செய்யான் பற்றில்லா" என்றார் அதிகாரி. ஒன்றும் செய்ய முடியாதாம்.

"மதிலுக்கு உள்ள குப்பை கெடந்தா அதச் சுத்தம் பண்ணதுக்கு அனுமதி வேணுமா சார்?"

அவர் யோசித்தார். "அது பராமரிப்பு. நிலையப் பொறுப்பாளரே செய்யலாம்."

மேடம் பொறியாளர் பக்கம் திரும்பினார். "வெளிய மதில் வரைக்கும் வாய்க்கால் தூர்வாருததுக்கு?"

"அது எங்க வேலைதான்" என்றார் பொறியாளர், ஒரு அப்பளத்தை உடைத்துக்கொண்டே.

"செரி. நடுவுல மதிலுக்கு அடியில ஒரு குழாய் இருக்குல்லா. அது யாருது?"

பொறியாளர், "நாங்க பதிக்கல. அது எங்க பதிவேட்டுல இல்ல" என்றார்.

மண்டல அதிகாரி இளைஞரைப் பார்த்தார். இளைஞர், "நம்ம பிளான்லயும் இல்ல சார். காண்ட்ராக்டரா வச்சுட்டுப் போனது" என்றார்.

"அப்பம் அது மத்திய அரசோடதும் இல்ல, மாநில அரசோடதும் இல்ல" என்றார் மேடம். சாந்தமாக, பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பது போல. "யாருதும் இல்லாத ஒரு குழாய எடுத்துப் போட்டா, யாருக்கு சார் கடுதாசி எழுதணும்?"

ஒரு காக்கை அப்பளத் துண்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனது. மண்டல அதிகாரி மனைவியைப் பார்த்தார். மனைவி மதிலைப் பார்த்தார். பிறகு அதிகாரி இலையை நோக்கிக் குனிந்து, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.

அதுதான் உத்தரவு. ஊர்க்காரர்கள் எழுந்தார்கள். கடப்பாரை குழாயைச் சுற்றி இறங்கியது. முதலில் சேறு, பிறகு ஒரு சாக்கு, பிறகு குழாயே பிதுங்கிக்கொண்டு வந்தது. அது விட்டுப்போன ஓட்டை ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு இருந்தது. தண்ணீர் சும்மா ஓடவில்லை. அடைபட்ட கோபத்தோடு பாய்ந்தது. ஆய்வு நிலையத்தின் முற்றத்தில் பழைய வாய்க்கால் தடத்தைத் தானே கண்டுபிடித்துக்கொண்டு, கிழக்கு மதிலின் வாயையும் தாண்டி, வெடித்த மண்ணுக்குள் சத்தத்தோடு இறங்கியது. பரிமாறிக்கொண்டிருந்த அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். மேலப்பக்கத்துக்காரரும் கீழப்பக்கத்துக்காரரும் சேர்ந்து மடையைத் திறந்தார்கள்.

மண்டல அதிகாரி கை கழுவிவிட்டு வந்து அதைப் பார்த்தார். "மேடம், ஞான் ஊணு கழிக்கயாயிருந்நு. ஒந்நும் கண்டில்லா" என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம்; எதையும் பார்க்கவில்லையாம். அவர் கண்ணில் சிரிப்பு இருந்தது. நல்ல மனிதர்.

மேடம் அப்போதுதான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொடுத்தேன். "தம்பி, அவரு எந்திரிச்சிருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியாது" என்றார். இத்தனை வருடத்தில் அவர் பயந்து நான் பார்த்தது அதுதான்.

நடவு நடந்தது. எங்கள் கடிதமும் தன் பயணத்தைத் தொடர்ந்துகொண்டிருந்தது.

அதற்குப் பதில் வருமுன் இன்னொரு காகிதம் வந்து சேர்ந்தது. ஆய்வு நிலையத்துக்குள் தண்ணீர் ஓடுகிறது என்று யாரோ டெல்லிக்குச் சொல்லிவிட்டார்கள். டெல்லி சென்னையைக் கேட்டது. சென்னை எங்கள் அலுவலகத்தைக் கேட்டது. டெல்லியிலிருந்து இவ்வளவு வேகமாக ஒரு காகிதம் வந்து நான் பார்த்ததில்லை. மேடத்துக்கு மெமோ. மத்திய அரசு அதிகாரியை வாய்க்கால் கரையில் அமர வைத்து உணவளித்தது எந்த விதியின் கீழ்? உரிமையாளர் கண்டறியப்படாத குழாயை அகற்றும் முன் உரிமையாளரின் ஒப்புதலைப் பெறாதது ஏன்?

இரண்டாவது கேள்வியை மேடம் எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினார். இருவரும் சிரித்தோம். ஆனால் மெமோ நிலுவையில் இருந்ததால் வட்டாட்சியர் பதவி உயர்வுப் பட்டியலில் அந்த முறை அவர் பெயர் வரவில்லை. அடுத்த முறையும் வரவில்லை.

"வருத்தம் இல்லன்னு சொன்னா அது பொய்தான் தம்பி" என்றார் ஒரு மாலை, டீக்கடையில். "எங்க வீட்டுச் சாரு நேம் போர்டு செய்யக் குடுக்கணும்னு ஆள்லாம் விசாரிச்சு வச்சிருந்தாவ." அவ்வளவுதான் சொன்னார். பிறகு கண்ணாடிக் குவளையை வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மின்வாரியக்காரரிடம் எதையோ பேசத் தொடங்கிவிட்டார்.

ஊரில் அறுவடை முடிந்து வைக்கோல் காய்கிற நேரத்தில் எங்கள் முதல் கடிதத்துக்கு டெல்லியின் பதில் வந்தது. உயர்மட்டக் குழு ஒன்று இதை ஆராயும் என்றும், அதன் முடிவு வரும்வரை தற்போதைய நிலையே தொடர வேண்டும் என்றும், எவரும் அதை மாற்றக் கூடாது என்றும்.

பாசனப் பொறியாளர் அந்தக் காகிதத்தோடு ஓடிவந்தார். "மேடம், தற்போதைய நிலைன்னா எது? நாம எழுதுனப்போ இருந்ததா, இப்போ இருக்கதா?"

"தற்போதுன்னா இப்பந்தான சார்" என்றார் மேடம். "தண்ணி ஓடுது. யாரும் மாத்தக் கூடாதுன்னு டெல்லியே சொல்லிட்டாவ. ஓட்டைய ஒருத்தரும் அடச்சுராம பாத்துக்கிட வேண்டியது ஒங்க பொறுப்பு."

உத்தரவுப்படியே நிலை பேணப்படுகிறது என்று பதில் எழுதச் சொன்னார். எழுதினேன். அந்த மாதமே அவரைச் சிவகிரிக்கு மாற்றினார்கள்.

அந்தப் பதில்தான் வேலையைக் காட்டியது. ஒரு உத்தரவு வந்த உடனே முழுதாகக் கடைப்பிடிக்கப்பட்டதாக ஒரு மாவட்டம் எழுதியது டெல்லியில் பெரிய வியப்பை உண்டாக்கியிருக்க வேண்டும். மத்திய மாநில ஒருங்கிணைப்புக்கு முன்மாதிரி என்று எங்கள் வாய்க்காலைத் தேர்ந்தெடுத்து, அது பற்றி அங்கே ஒரு கருத்தரங்கில் பேச ஒருவரை அனுப்பும்படி கேட்டார்கள். பாசனப் பொறியாளர் போவதென்று முடிவானது. அவருக்குப் படங்களோடு உரை தயாரிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. விவரம் கேட்க நான் சிவகிரிக்குப் போனேன்.

மேடம் அங்கே இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைத்து ஒரு பாதைத் தகராறு பேசிக்கொண்டிருந்தார். முடித்து அனுப்பிவிட்டு, நான் கேட்டதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார். பொறியாளர் விமானத்திலா போகிறார் என்று விசாரித்தார். குளிர்காலம், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளச் சொன்னார். எல்லாம் எழுதி முடித்தபின் நான் தயங்கிக் கேட்டேன்:

"மேடம், இதுல உங்க பேரு எங்கயாவது போடட்டுமா?"

"ஐயையோ, வேண்டாம் தம்பி" என்றார், நிஜமான பதற்றத்தோடு. "என் பேரு ஏற்கெனவே மெமோல இருக்குல்லா. ஒரே பேரு ரெண்டு ஃபைல்ல இருந்தா, ரெண்டையும் ஒருங்கிணைச்சு அறிக்கை அனுப்புங்கன்னு எவனாவது எழுதிருவான்."